கோசலத்தில் கூனியும் இருந்தாள்

திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சன்னிதியை ஒட்டிக் கம்பர் மண்டபம் என வழங்கும் ஒரு மண்டபம் உண்டு. கம்பர் தம் இராமகாதையை அங்கேதான் அரங்கேற்றினார் என்பது ஊர் மரபு. அரங்கேற்றம் நிகழ்ந்த ஆண்டு 885 என்பார் உளர். பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பாரும் உளர். பின்னதே பொருத்தமென்று நமக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும், காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் அத்தீவில் ஒரு நாள், குறையே இல்லாத ஒரு நாட்டைப் பற்றிய பாடல்கள் ஓதப்பட்டன என்று அம்மரபு நம்மை நினைக்கச் செய்கிறது. ஏழு திருச்சுற்றுகளுக்குள் அடங்கிய அவ்வூரைப் பூலோக வைகுந்தம் என்றே அவ்வூரார் அழைப்பர். நிறைவான நாட்டைப் பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திராது.

கோசல நாட்டைக் கம்பர் புகழும் முறை விந்தையானது. பிற புலவர்கள் தம் நாட்டில் என்னென்ன உண்டு என்று பட்டியலிடுவர். கம்பரோ எவையெவை இல்லை என்று சொல்கிறார். வறியவர் இல்லாமையால் அங்கே வள்ளன்மை வெளிப்பட வழியில்லை. பகைவர் இல்லாமையால் வீரம் விளங்கவில்லை. பொய் சொல்வார் இல்லாமையால் மெய்ம்மை தனியே தெரியவில்லை. நகரப் படலத்தில் அயோத்தியைப் பாடும்போதும் இதே வழிதான்: கள்வர் இல்லை, ஆகவே காவலர் இல்லை, ஏற்பார் இல்லை, ஆகவே ஈவாரும் இல்லை.

இப்பாடல்களைப் பொதுவுடைமைக் கனவு என்று மேடைகளில் கொண்டாடக் கேட்டிருக்கிறோம். அது தவறன்று. ஆயினும் அக்கொண்டாட்டம் பாடலின் பாதியையே கேட்கிறது. நோய் நீங்கியது என்று மட்டும் கவிஞர் சொல்லவில்லை. நோயோடு மருந்தும் போயிற்று என்கிறார். ஈகை, வீரம், வாய்மை ஆகியவை மனிதன் தன்னைக் கடந்து உயர்வதற்கு உரிய படிகள். அவை வேண்டப்படாத நாட்டில் வாழ்வோர் நலமாக வாழ்வர், மகிழ்ச்சியாக வாழ்வரா?

கம்பரின் காலத்தை நாம் கொண்டவாறே கொண்டால், ஏறத்தாழ அதே நூற்றாண்டில் இஸ்லாமிய உலகின் மேற்கு ஓரத்திலும் இதே எண்ணம் எழுந்திருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து மொரோக்கோவின் ஃபாஸ் நகரில் மறைந்த இப்னு பாஜா, முழுமையான நகரத்துக்கு ஓர் அடையாளம் சொன்னார்: அங்கே மருத்துவரும் நீதிபதியும் தேவைப்படமாட்டார்கள். அவருக்கு முன்னவரான ஃபாராபி (மறைவு 950), மெய்யான இன்பத்தை அடைவதற்காக மக்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் நகரமே நற்பண்பு நகரம் என்று வகுத்திருந்தார். ஃபாராபியின் நகரத்தில் துணைநிற்றல் என்ற வினை இருக்கிறது. இப்னு பாஜாவின் வருணனையில் இன்மைகள் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, இப்னு பாஜா இறுதியில் நகரத்தைப் பற்றி அதிகம் பேசாமல், குறையுள்ள ஊர்களில் தனித்து வாழும் அறிஞன் தன்னை எவ்வாறு நடத்திக்கொள்வது என்று எழுதப் போய்விட்டார்.

காவியத்துக்கு மீள்வோம். குறையற்ற கோசலத்தில் முதலில் துயரப்படுபவன் யார்? அரசனேதான். அறுபதினாயிரம் ஆண்டுகள் ஆண்ட தயரதன் வசிட்டரிடம் சென்று, தனக்கு வேறு குறை ஒன்றுமில்லை என்றும், தனக்குப் பின் இவ்வுலகம் கலங்குமே என்ற கலக்கம் மட்டும் உண்டு என்றும் சொல்கிறான். மகப்பேறு இல்லாத தந்தையின் ஏக்கம் என்றே உரைகள் இதை விளக்கும். நாம் இதில் இன்னொன்றையும் காண்கிறோம். நிறைவான ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு எஞ்சுவது அதை இழப்போம் என்ற அச்சம். வறியவன் நாளை நன்றாகலாம் என்று நம்பலாம். கோசலத்துக்கோ நாளை என்பது கேடாகவே வரக்கூடும்.

வந்ததும் அவ்வாறே. எந்த வழியாக வந்தது என்பதில்தான் கம்பரின் பேரறிவு இருக்கிறது. வெளிப்பகைவன் எவனும் மதிலை ஏறவில்லை. கூனி ஒருத்தி மாடத்தில் ஏறினாள். சிறுவயதில் இராமன் தன் விளையாட்டு வில்லால் எறிந்த மண்ணுருண்டை தன் முதுகில் பட்டதை அவள் மறக்கவில்லை என்று கவிஞர் ஒரே தொடரில் சொல்லிக் கடந்து போகிறார். இவ்வொரு தொடர், முன்னே பாடப்பட்ட இரண்டு படலங்களையும் திருப்பிப் படிக்கச் செய்கிறது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்திருந்த ஊரில் ஓர் ஊனமுற்ற பெண்ணின் மனப்புண் யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. இரப்பார் இல்லாத ஊரில் கேட்பார் இல்லாமல் ஒருத்தி இருந்தாள். அவளைத் தீவினையின் உருவமாகக் காண்பது எளிது. கவிஞரும் அதற்கு இடம் தருகிறார். ஆனால் அந்த மண்ணுருண்டையை நினைவுபடுத்தியவரும் அவரே.

நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் வாலி வதத்தை ஆராய்ந்து ‘மூன்று வினாக்கள்’ எழுதினார். வாலிக்கு வாய்த்த அத்தகைய வழக்காராய்ச்சி கூனிக்கும் வாய்த்திருக்கலாம் என்று நாம் எண்ணுவதுண்டு.

கம்பரைக் குறை சொல்லி நம்மவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. நம் காவியத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் நெல்வயலுமாகப் பாடினார். பாலைவனத்தில் நெல் ஏது என்று எள்ளியவர்கள் காப்பிய மரபு அறியாதவர்கள். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் பாடியே தொடங்குவது பெருங்காப்பியத்துக்கு இயல்பு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவ்வாறு அழகு செய்யப்பட்ட மக்கா நகரமே, சில காண்டங்கள் கடந்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வெளியேறச் செய்கிறது. அயோத்தி இராமனை அனுப்பியது. மக்கா நபிகளாரை அனுப்பியது. இரு காவியங்களிலும் சிறந்த நகரம் தன் சிறந்த மனிதரைத் தன்னுள் வைத்துக்கொள்ள இயலாததாக இருக்கிறது.

(திருவரங்கத்துக்கும் இது புதிதன்று. சோழ அரசனின் சினத்துக்கு அஞ்சி இராமானுசர் அவ்வூரை நீங்கி மேல்கோட்டையில் வாழ்ந்தார் என்று வைணவ மரபு கூறும். 1323-இல் தில்லிப் படை வந்தபோது அரங்கனின் திருவுருவமே ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டு, 1371-இல்தான் மீண்டது. படையெடுத்தவர் நம் சமயப் பெயர் தாங்கியவர் என்பதால் இச்செய்தியை நாம் விழுங்கிவிடுதல் ஆகாது.)

இனி நம் சமுதாயத்தின் பேச்சுக்கு வருவோம். நிறைவான இஸ்லாமியச் சமுதாயம் எது என்று கேட்டால், நம் சொற்பொழிவாளர்கள் தயங்காமல் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியைச் சுட்டுவர். 717 முதல் 720 வரை நீடித்த அச்சிறு ஆட்சியில், ஆப்பிரிக்காவுக்கு ஜகாத் திரட்டச் சென்ற அலுவலர் அதைப் பெறுவதற்கு ஓர் ஏழையும் அகப்படாமல் அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கேட்டவுடன் நெஞ்சு நிறைகிறது, நமக்கும் நிறைகிறது. ஆனால் இது கம்பரின் கோசலமல்லவா? ஏற்பார் இல்லை!

நல்லவேளையாக, நிகழ்ச்சி அங்கே நின்றுவிடவில்லை. ஏழை இல்லை என்றதும் அலுவலர் பணப்பையைக் கட்டிக்கொண்டு திரும்பவில்லை, அடிமையைத் தேடினார். ‘ஏழை இல்லாத நாட்டில் அடிமை இருந்தான்’ என்ற உண்மை அந்தச் செய்திக்குள்ளேயே இருப்பதை மேடையில் நாம் சொல்வதில்லை. அந்த ஆட்சியின் தலைவரோ மகிழ்ச்சியில் திளைத்தவர் அல்லர். இரவுகளில் தொழுகை விரிப்பில் அமர்ந்து அழுவார் என்றும், காரணம் கேட்டபோது, தம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் பசித்திருப்போருக்கும் நோயுற்றோருக்கும் மறுமையில் தாமே பதில் சொல்ல வேண்டும் என்றார் என்றும் அவர் மனைவி ஃபாத்திமா கூறியதாக வரலாறு உண்டு. அந்த அழுகையைக் கழித்துவிட்டு ஜகாத் வாங்க ஆளில்லாத செய்தியை மட்டும் சொல்வது, கூனியை நீக்கிவிட்டு இராமகாதை படிப்பதற்கு ஒப்பாகும்.

தருமத்தைக் கையில் ஏந்தி ஒருவர் அலைந்தும் பெறுவார் இல்லாத ஒரு காலம் வரும் என்று நபிமொழி உண்டு. அதைப் பொற்கால முன்னறிவிப்பாகவே நாம் எடுத்துரைக்கிறோம். நபிமொழியின் தொடக்கமோ ஒரு கட்டளை: அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வரப்போகும் நிறைவு இங்கே ஆறுதலாகச் சொல்லப்படவில்லை. வாய்ப்புக் கைநழுவும் என்ற எச்சரிக்கையாகவே சொல்லப்படுகிறது.

கூனிக்கு எதிரே நாம் வைத்துப் பார்க்க விரும்புவது பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை. குறைஷித் தலைவர்களிடம் நபிகளார் (ஸல்) பேசிக்கொண்டிருந்தபோது அவர் இடையில் வந்து கேட்டார். அண்ணலாரின் முகம் சற்றே சுருங்கியது. கண்ணில்லாத அவர் அதைக் காணவும் இல்லை. ஆயினும் இறைவசனம் இறங்கி அதைக் கண்டித்தது. இன்றும் குர்ஆனின் 80-ஆம் அத்தியாயமாக நாம் அதைத் தொழுகையில் ஓதுகிறோம். பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபிகளார் வெளியூர் சென்றபோது அந்நகரின் பொறுப்பையும் ஏற்றார். காயம் படாத ஊர் என்று மதீனாவை யாரும் பாடவில்லை. அங்கே காயம் மறைக்கப்படவில்லை, அதுவே வேறுபாடு. கோசலம் நிறைவாக இருந்ததால் திருந்தும் வழியை அறியாமல் போயிற்று.

சுவர்க்கம் நிறைவான சமுதாயமன்றோ என்று கேட்கப்படலாம். ஆம். அங்கும்கூட, சோலைகளையும் உறைவிடங்களையும் சொன்ன 9-ஆம் அத்தியாயம், அவற்றைவிடப் பெரியது இறைவனின் பொருத்தம் என்று வேறுபடுத்துகிறது. ஊரின் அமைப்பு இன்பத்தைத் தருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இதைக் கொண்டு இவ்வுலகில் வறுமை இருக்கட்டும், இன்பம் உள்ளத்தில்தானே என்று கைகட்டி நிற்பாரோடு நாம் உடன்படவில்லை. பசித்தவனிடம் உள்ளத்தின் அமைதியைப் பேசுவது கொடுமை. நீதியான சமுதாயம் நம் கடமை. இன்பம் அதன் கூலியாகக் கணக்கிடப்பட வேண்டியதில்லை.

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளியில், நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்கா இருக்கிறது. அரச வாழ்வைத் துறந்து வந்தவர் என்று அவரைப் பற்றிய வரலாறு கூறும். ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகப் போரிட்ட இருவரில், 1752-இல் திருவரங்கத் தீவில் சூழப்பட்டுச் சரணடைந்து கொல்லப்பட்ட சந்தா சாகிபும், வென்று நெடுநாள் ஆண்ட முகம்மது அலி வாலாஜாவும், அரசு வேண்டாமென்று வந்த அந்த ஒருவரின் நிழலிலேயே அடங்கியிருக்கின்றனர்.

நகரம் என்றே பெயர் கொண்ட ஓர் அத்தியாயம் குர்ஆனில் உண்டு, ‘அல்-பலத்’, 90-ஆவது. நகரத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அது, சிறப்பு எதையும் வருணிக்கவில்லை. மனிதன் துன்பத்தின் நடுவே படைக்கப்பட்டவன் என்கிறது. பிறகு ஒரு செங்குத்தான பாதையைக் காட்டுகிறது: அடிமையை விடுவித்தல், பசி நாளில் உறவினனான அநாதைக்கும் மண்ணில் கிடக்கும் வறியவனுக்கும் உணவளித்தல். பசி நாள் என்று அது சொல்கிறது; பசி தீர்ந்த நாள் என்று சொல்லவில்லை.