சாரலில் படுத்துக்கொண்ட கார்ட்

ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் புளியறையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. தார்ப்பாய் போட்டு மூடி நெல் களத்து ஓரத்தில் நிறுத்தியிருந்த என் கோ-கார்ட்டும் அந்த ஈரத்தில்தான் படுத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து வெயில் எட்டிப் பார்த்த அன்று ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். இருபது இழுப்பு வரை நான் எண்ணினேன். அப்புறம் தோள்பட்டைதான் எண்ணியது. எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

வண்டி கோவையில் பழசாக வாங்கியது. 196 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஹோண்டா ஜிஎக்ஸ்200-ஐப் பார்த்துச் செய்த நகல். செய்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இதே இன எஞ்சின்தான் வயலில் தண்ணீர் இறைக்கிறது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட்டே புல் வெட்டும் மெஷினின் எஞ்சினில்தான் ஓடியது. பந்தயக்காரர்கள் ஓட்டும் ரோட்டாக்ஸ் 125 மேக்ஸ் வேறு ரகம்: டூ ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது, பொத்தானை அழுத்தினால் கிளம்புவது. நமக்குக் கயிறுதான்.

கயிற்றிலும் ஒரு வசதி உண்டு. பேட்டரி இல்லாததால் அதன் மேல் பழி போட முடியாது. ஃப்ளைவீல் காந்தம் காயிலைக் கடக்கும்போதே ஸ்பார்க் பிறந்துவிடும். சந்தேகப்பட வேண்டியது மூன்றே: கம்ப்ரஷன், பெட்ரோல், ஸ்பார்க். பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு இழுத்தேன். காற்று விரலைத் தள்ளியது. பிளக் நுனி நனைந்திருந்தது. சரி, பெட்ரோலும் வருகிறது என்று முடிவு கட்டினேன். ஏமாந்த இடம் அதுதான், பின்னால் சொல்கிறேன். பிளக்கை மறுபடி தொப்பியில் செருகி, துளையை விட்டுத் தள்ளி ஹெட்டில் ஒட்டிப் பிடித்து, அந்தி மங்கலில் இழுத்துப் பார்த்தேன். பொறியே இல்லை.

இந்த எஞ்சினை நிறுத்துவதென்றால் காயில் கரண்ட்டைப் பாடியில் இறக்கிவிடுவதுதான். ஸ்டியரிங்கில் உள்ள கில் சுவிட்ச் செய்வதும் அதுவே, ஆயில் குறைந்தால் அணைக்கும் சென்சார் செய்வதும் அதுவே. ஒயர் எங்காவது தோல் உரிந்து சேசியைத் தொட்டால், சுவிட்சைத் தொடாமலே எஞ்சின் அணைந்த கணக்கு. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு இழுத்தேன். பளீரென்று நீலப் பொறி. சீட்டுக்கு அடியில், டை போட்டுக் கட்டிய இடத்தில் கில் ஒயர் தேய்ந்து செம்பு பல்லிளித்தது. டேப் சுற்றி, கொஞ்சம் தள்ளிக் கட்டினேன்.

ஆயில் சென்சாரைத் திரும்ப மாட்டிவிட்டேன். கார்ட்காரர்கள் பலர் அதை மாட்டுவதில்லை. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலே எஞ்சினை அணைத்துவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனால் வெறும் 0.6 லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் எஞ்சின் இது. காவலை எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் ஆளாக நாம் இருக்க வேண்டும். நான் அந்த ஆள் இல்லை.

பொறி வந்தும் வண்டி கிளம்பவில்லை. ரப்பர் தோட்டங்களுக்குப் புல் வெட்டும் மெஷின் பழுதுபார்க்கிற அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கைப் பார்க்கவில்லை, மோந்தார். டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கிவரச் சொல்லி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டைத் தளர்த்தி அதில் பிடித்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். மேலே வைக்கோல் நிறம். கீழே விரல் கனத்துக்குக் கலங்கலாக இன்னொன்று. கிளாஸைச் சாய்த்தால் தனியாக வழுக்கிப் போனது.

"பாத்தியளா, அடியில கெடக்கத? இவ்வளவு நேரமும் இதத்தான் குடிச்சிருக்கு."

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியே சாரல் இறங்கினால் எத்தனால் அந்தத் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஜெட் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. பிளக் நனைந்த ரகசியம் அதுதான். மேலே நின்ற பெட்ரோலை மட்டும் வடித்து ஊற்றலாமா என்றேன். எத்தனால் பிரிந்துபோனதில் அதன் ஆக்டேனும் இறங்கியிருக்கும் என்று மொத்தத்தையும் ஒதுக்கச் சொன்னார். ஜெட்டைக் கிளீனர் அடித்து ஊதினார். "குண்டூசி விட்டுக் குத்திராதிய, ஓட்ட பெருசாயிரும்." பிளக்கைக் காயவைத்து, இடைவெளியை 0.7 மி.மீ.க்கு வைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கை மூடி இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் களத்துக் கோழிகள் சிதறின.

வண்டியில் குறை இல்லாமல் இல்லை. சோக் லீவர் சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, கை நுழையாத சந்தில் இருக்கிறது. டேங்க் மூடி மழையூருக்கு ஆகாது. ஆனால் 21 மி.மீ. பிளக் ஸ்பேனரும் ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் இருந்தால் பெரும்பாலான வேலையைக் களத்திலேயே முடித்துவிடலாம். எங்கள் மலைச்சாலையின் எஸ் வளைவில் ஏறுமா என்று கேட்கிறவர்களுக்கு: பொதுச்சாலையில் இதை இறக்கக் கூடாது. போட்டிக்கென்றால் வேண்டாம், கை பழக வாங்கலாம். இப்போதெல்லாம் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன்.

கிளாஸை மட்டும், எத்தனை முறை கழுவிக் கொடுத்தும் டீக்கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை.