தரவரிசையும் தமிழாய்வும்

இலண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழ் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டே அது 169ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டிற்குள் கற்பித்தல் இத்துணைச் சீர்கெட்டதா எனின், இல்லை. முதலாண்டில் மலேசியச் சீனரும் இந்தியரும் அயல்நாட்டினராகத் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தனர். அப்பிழை திருத்தப்பட்டமை இச்சரிவுக்கு முக்கியக் காரணமாயிற்று. இம்மண்ணின் குடிமக்களை அயலாராக எண்ணிப் பெற்ற பெருமை நிலைக்கவில்லை.

அப்பட்டியல் எதனை அளந்தது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். 2004இல் மதிப்பெண்ணில் பாதி, கல்வியாளர்களின் கருத்துக்கே உரியதாயிருந்தது. ஆசிரியர் மாணவர் விகிதத்திற்கும் ஆய்வு மேற்கோள்களுக்கும் தலா 20 விழுக்காடு. அயல்நாட்டு ஆசிரியர், மாணவர் ஆகியோருக்குத் தலா 5 விழுக்காடு. வகுப்பறையில் நிகழும் கற்பித்தலை நேரே அளக்கும் கூறு ஒன்றேனும் இல்லை.

இதில் தமிழாய்வின் நிலை யாது? மேற்கோள்களைத் தொகுக்கும் தரவுத்தளங்கள் பெரிதும் ஆங்கில இதழ்களையே சார்ந்தவை. 1956இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையினர் தமிழில் எழுதும் கட்டுரை, தமிழாசிரியருக்கு எத்துணைப் பயன்படினும் அக்கணக்கில் இடம்பெறுதல் அரிது.

தரவரிசையை முற்றும் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. நிறுவனங்கள் தம் தரவுகளை வெளிப்படுத்த அது தூண்டுகிறது. எனினும், அதன் பொருட்டுத் தமிழில் எழுதுவதைக் கைவிடின், இழப்பு நம்முடையதே. தமிழாய்வுகளுக்கு முறையான அடைவுகளை உருவாக்குவதே நம் முதற்பணி எனக் கருதுகிறோம்.