குறிப்பறிதல் இரண்டு

திருக்குறளில் ஒரே பெயர் தாங்கிய அதிகாரங்கள் இரண்டு உள. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல்; காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். 133 அதிகாரங்களுள் வேறெப்பெயரும் இவ்வாறு இருமுறை வந்ததில்லை. முன்னது அமைச்சனுக்கு உரியது; அரசவையில் நிகழ்வது. பின்னது காதலர்க்கு உரியது. பிறர் அறியாக் களவொழுக்கத்தில் நிகழ்வது. அவைக்களமும் களவும் ஒன்றற்கொன்று மிகச் சேய்மையுடையன. அவ்விரண்டனையும் ஒரு பெயராற் பிணித்தது யாது கருதி என்னும் வினா ஆராய்தற்குரியது.

வாய் சொல்லாததைக் கண் சொல்லும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதனை உணர்த்துதற்கு ஒரு நூல் வேண்டுவதில்லை. வள்ளுவர் உணர்த்துவது அதனினும் நுண்ணியது. ஒரு நோக்கின் பொருள் நோக்கும் கண்ணில் மட்டும் இல்லை. நோக்குவார் இருவர்க்கும் இடையேயுள்ள உறவில் உள்ளது. அதனைப் பிழையற அறியும் பொறுப்போ நோக்கப்படுவார்மேல் வைக்கப்படவில்லை. அறியப் புகுவார்மேல் வைக்கப்பட்டுள்ளது. அதிகாரத்தின் பெயர் குறிப்பு என்று நில்லாது குறிப்பறிதல் என அமைந்தமையே இதற்குச் சான்றாகும். இவ்விரு கருத்தும் நம் அன்றாட வாழ்விற்கு, சிறப்பாக ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் இருக்கும் வகுப்பறைக்கு, எத்துணை இன்றியமையாதன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவைக்களத்தைக் காண்போம். 71ஆம் அதிகாரத்துக்கு முன்னே நிற்பது மன்னரைச் சேர்ந்தொழுகல். பின்னே நிற்பது அவையறிதல். அரசனைச் சார்ந்திருப்போர் தீக்காய்வார் போல மிக அகலாமலும் மிக நெருங்காமலும் இருத்தல் வேண்டும் என்பதும், பெரியோர் முன்னிலையில் ஒருவர் காதில் ஒருவர் மந்தணம் பேசுதலும் தம்முள் நகைத்தலும் தவிர்க்க வேண்டும் என்பதும் முன்னதன் அறிவுரைகள். அவையோர் அனைவரின் தன்மையையும் அறிந்து பேசுதல் பின்னதன் பொருள். எனவே, எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை முதலிற் கற்று, எதிரே உள்ள ஒருவர் உள்ளத்தை அறிய அடுத்துக் கற்று, அதன்பின் பலர் கூடிய அவையை அறியப் புகுவதாக இவ்வதிகார முறை அமைந்துள்ளது. இவ்வைப்பு முறையே ஒரு பாடத்திட்டம் போல்வது.

அதிகாரத்துள்ளே வள்ளுவர் முகத்தைப் பளிங்கிற்கு ஒப்பிடுகின்றார். தன்னை அடுத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல நெஞ்சில் மிக்கு நிற்பதை முகம் காட்டும் என்கின்றார். பகையையும் நட்பையும் கண்களே உரைத்துவிடும் என்கின்றார். ஆயின் ஈண்டு ஒரு நிபந்தனை உளது. கண்ணின் வேறுபாடுகளை உணரவல்லாரைப் பெற்றால் மட்டுமே கண் அவ்வாறு உரைக்கும். அகத்தை நோக்கி உணர்வார் கிடைத்தால் அவர் முகத்தெதிரே வாளா நின்றாற் போதும் என்னும் குறளிலும் இதே நிபந்தனை வருகின்றது. அறிவார் இல்லாதவிடத்துக் கண் ஊமையாம். பத்துக் குறளுள் இரண்டில் இந்நிபந்தனை வெளிப்பட அமைந்தது தற்செயலன்று.

அரசர் போயினர், அவைகளும் மாறின. ஆயினும் இவ்வதிகாரத்தின் களம் மறையவில்லை. பந்தியிற் பரிமாறுவோர் இலையை மட்டுமன்றி உண்போர் கண்ணையும் நோக்குகின்றனர். போதும் என்று கை மறிக்கும்பொழுதும் இன்னும் சிறிது வேண்டும் என்று கண் சொல்வதுண்டு. கடன் கேட்க வந்தவர் வாய் திறக்குமுன் அவர் கண் தரையைத் தேடுவதைக் கண்டு கருத்தறியும் உறவினர் உளர். விருந்தோம்பல் அதிகாரத்தில் இதற்கு மறுதலையான காட்சி ஒன்று உண்டு. அனிச்சமலர் மோந்த பின்னரே வாடும். விருந்தினரோ முகம் வேறுபட்டு நோக்கிய அளவில் வாடிவிடுவர். அங்கே ஒரு சொல்லும் பிறக்கவில்லை. உணவும் குறைவற இருந்திருக்கலாம். ஒரு நோக்கு அனைத்தையும் கெடுத்துவிட்டது.

இனிக் களவுக்கு வருவோம். 110ஆம் அதிகாரத்துத் தலைவன் தலைவியின் கண்ணில் இரு நோக்கைக் காண்கின்றான். ஒன்று நோய் செய்வது. மற்றொன்று அந்நோய்க்கு மருந்தாவது. தான் அவளை நோக்கும்போது அவள் நிலத்தை நோக்குகின்றாள். தான் நோக்காதபோது தன்னை நோக்கி மெல்ல நகைக்கின்றாள். நோக்கியபின் தலைகுனிந்த அச்செயல் அன்புப் பயிருக்கு வார்த்த நீராயிற்று என்கின்றான். இங்கே பொருளைத் தருவது யாது? கண்ணின் வடிவமா? அன்று. எப்பொழுது நோக்கினாள், எப்பொழுது நோக்கை மீட்டாள் என்னும் முறையே பொருளைத் தருகின்றது. அவன் நோக்கும் நோக்காமையும் இல்லையேல் அவள் நோக்கிற்குப் பொருள் இல்லை. இருவர் சேர்ந்து எழுதும் ஒரு வாக்கியம் அது.

இவ்விடத்து ஆடல் நூல்களோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். பரதரின் நாட்டிய சாத்திரம் 36 வகைப் பார்வைகளை வகுத்துக் கூறும். அபிநய தர்ப்பணம் 8 வகை கூறும். இமை எவ்வாறு, விழி எத்திசையில் என்று ஒரு கண்ணின் தொழிலைக்கொண்டு அமைந்த பாகுபாடு அது. அரங்கின் தொலைவிலிருந்து காண்போர்க்குப் பொருள் விளங்குதல் வேண்டும் ஆதலின் அம்முறை அங்குப் பொருத்தமானதே. ஆயின் வாழ்க்கையில் அப்பட்டியல் முழுதும் உதவாது. தலைகுனிதல் என்னும் ஒரே செயல் அரசவையிற் பணிவு, களவிற் காதல், கடன் கேட்பவரிடத்து நாணம், குற்றஞ் செய்தவரிடத்து அச்சம். வடிவம் ஒன்று, பொருள் நான்கு. வள்ளுவர் நோக்குகளை எண்ணிப் பட்டியலிடாது உறவுகளை வைத்துக் காட்டியதன் சிறப்பு இதனால் விளங்கும்.

அவ்வதிகாரத்தின் இறுதி இரு குறள்களும் தனிக் கவனத்துக்குரியன. அயலார் போன்று பொதுநோக்கு நோக்குதல் காதலரிடத்தே உளதாம் என்பது ஒன்று. கண்ணோடு கண் ஒத்தபின் வாய்ச்சொல்லாற் பயனில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் தோழி தன்னுள்ளே சொல்லியனவாகப் பரிமேலழகர் கொள்வர். அவர் கொள்கை ஆழ்ந்த பொருளுடையது. காதலர் இருவரும் தம்முள் மட்டும் பேசிக்கொள்வதாக எண்ணுகின்றனர். அருகே நிற்கும் மூன்றாமவள் அதனைப் படித்துவிடுகின்றாள். அயலார் அயலாரை நோக்கும் முறை ஒன்று உண்டு. தெருவில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவர் ஒருவரையொருவர் ஒரு கணம் நோக்கி, இருப்பை ஏற்றுக்கொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வர். சமூகவியல் அறிஞர் ஏர்விங் கொவ்மன் 1963இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு நாகரிக வழக்கமாக எடுத்து விளக்கினார். தோழியின் கூர்மை யாதெனின், அறிந்தவர் அறியாதவர் போல இவ்வழக்கத்தை மேற்கொள்வதே அவர்தம் உறவைக் காட்டிக்கொடுக்கின்றது என அவள் உணர்ந்தமையாம்.

தொல்காப்பியக் களவியலும் கண்கள் இரண்டும் இருவர் அறிவையும் ஒருப்படுத்தும் குறிப்புரையாக அமைவதைக் கூறும். கம்பர் மிதிலைக் காட்சியில் வில் முறிக்கப்படுவதற்கு முன்னரே இராமனையும் சீதையையும் கண்ணாற் சந்திக்கச் செய்தார். வான்மீகத்தில் இல்லாத நிகழ்ச்சி இது. இருவர் நோக்கும் ஒருங்கே நிகழ்ந்ததாகக் காட்டியதனால், திருமணம் வில்லின் விளைவாக மட்டும் நில்லாது இருவர் உளம் ஒத்ததன் விளைவாயிற்று. களவு மரபு காப்பியத்துள் இவ்வாறு புகுந்தது.

ஆயினும் கண் வேண்டியவர்க்கு மட்டும் பேசுவதன்று. கண்விதுப்பழிதல் என்னும் 118ஆம் அதிகாரத்தில் தலைவி தன் கண்களையே நொந்துகொள்கின்றாள். அன்று அவனைக் காட்டியவை இவை; இன்று அழுபவையும் இவை. இறுதியில், பறைபோல் அறைந்து கூறும் கண்ணுடையார் உள்ளத்து மறையை ஊரார் அறிதல் அரிதன்று என்கின்றாள். காதலனுக்குச் செய்தியானது தோழிக்குக் குறிப்பாகி ஊரார்க்கு அலராகின்றது. ஒரே நோக்கைப் படிப்பவர் மூவர். அவர் மூவர்க்கும் அது தரும் பொருள் வேறு.

தற்கால ஆய்வுகள் இவற்றோடு எவ்வாறு பொருந்துகின்றன? மைக்கல் ஆர்கைல், ஜனற் டீன் ஆகிய உளவியலாளர் இருவர் 1965இல் வெளியிட்ட கட்டுரையில், இருவர் நெருங்கி நிற்குந்தோறும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்குதல் குறையும் என்றும், தொலைவும் நோக்கும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒரு சமநிலையைக் காக்கும் என்றும் கூறினர். தீக்காய்வார் உவமை கூறிய நூலைப் பயின்றார்க்கு இது புதுமையன்று. ஆயின் குறளில் இல்லாத செய்தியும் உண்டு. அடம் கென்டன் 1967இல் உரையாடல்களை ஆராய்ந்து, நீண்டதொன்றைப் பேசத் தொடங்குபவர் பெரும்பாலும் பார்வையை விலக்குவதையும், பேச்சை முடிக்கும்போது கேட்பவரை மீண்டும் நோக்கி முறையை அவருக்கு விட்டுக்கொடுப்பதையும் காட்டினார். உணர்ச்சியை வெளிப்படுத்துதல் மட்டுமன்றிப் பேச்சின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துதலும் கண்ணின் தொழில் என்பது இதனாற் பெறப்படும். புதியன எல்லாம் நம் பழைய நூலில் உள என்று கூறுதல் நூலுக்குப் பெருமை தாராது. உள்ளதை உள்ளவாறு காண்டலே அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

இனி ஒரு தடை எழும். குறிப்பறிதல் அமைச்சியலில் வைக்கப்பட்டமையால், அது வலியார் முகத்தை மெலியார் படிக்கும் கலையாகச் சுருங்கிவிடவில்லையா? நுண்ணறிவினர் பிறரை அளக்கும் கோல் கண்ணே எனக் கூறும் இறுதிக் குறளில், அக்கண் அரசனுடைய கண் என்றே பரிமேலழகர் உரை கொள்ளும். அவ்வுரைப்படி அமைச்சன் கண் மேல்நோக்கியே நிற்கும். அத்தகைய அறிவு முகமன் கூறிப் பிழைக்கும் தொழிலாக இழிதலும் கூடும். இத்தடைக்கு விடை அவ்வதிகாரத்துள் இல்லை. 58ஆம் அதிகாரமாகிய கண்ணோட்டத்தில் உளது.

கண்ணோட்டம் என்பது கண் பிறர்பாற் சென்று இரங்குதல். பழகியவர் முகத்தைக் கண்டபின் அவர் வேண்டுகோளைத் தள்ள மனம் வாராத இயல்பு என்ற கருத்திற் பரிமேலழகர் அதனை விளக்குவர். அஃது அமைச்சியலில் வைக்கப்படவில்லை, அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. எனவே கீழிருப்பவன் மேலிருப்பவன் குறிப்பை அறியக் கடமைப்பட்டவன்; மேலிருப்பவனோ கீழிருப்பவனை இரக்கத்துடன் நோக்கக் கடமைப்பட்டவன். இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் படிப்போர் வேறொன்றையும் காண்பர். குறிப்பை உணராவிடின் உறுப்புக்களுள் கண்ணால் யாது பயன் என்று 71ஆம் அதிகாரம் வினவும். கண்ணோட்டம் இல்லாத கண் முகத்தில் இருந்தும் என்ன செய்யும் என்று 58ஆம் அதிகாரம் வினவும். கண்ணின் பயன் யாது என்னும் ஒரே வினா இருமுறை எழுந்து இரு விடை பெறுகின்றது. ஒன்று அறிவு, மற்றொன்று அருள். முன்னது மட்டும் உடையவன் ஒற்றனாவான். பின்னது மட்டும் உடையவன் ஏமாற்றப்படுவான். தொழிலுக்குக் கேடு வாராமற் கண்ணோடல் வேண்டும் என வள்ளுவர் வரையறுத்ததும் இக்கருத்துப் பற்றியே.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. ஆசிரியர் வினாவும்போது தலைகுனிந்து நிற்கும் மாணவன் விடை அறியாதவன் என்றும், தவறு செய்தவன் என்றும் எளிதில் முடிவுசெய்யப்படுகின்றான். பெரியோர் கண்ணை நேர்நின்று நோக்காமை நம் வீடுகளிற் பணிவாகப் பயிற்றப்பட்டது. அதே பிள்ளை வளர்ந்து வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, கண்ணை நேரே நோக்காதவன் தன்னம்பிக்கை அற்றவன் என்று மதிப்பிடப்படுகின்றான். வீட்டிற் பெற்ற நற்பழக்கம் தேர்வறையிற் குறையாகின்றது. இனி, ஓட்டிசம் எனப்படும் வளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைகள் பலர்க்குப் பிறர் கண்ணை நேரே நோக்குதல் இயல்பாக அமைவதில்லை; சிலர்க்கு அது துன்பமாகவும் இருக்கும். என்னைப் பார்த்துப் பேசு என்று அப்பிள்ளையை அதட்டுவோர், அதன் கண் சொல்லாத பொருளைத் தாமே அதன்மேல் ஏற்றுகின்றனர். அப்பிழை பிள்ளையின் பிழையாகப் பதிவு பெறுகின்றது.

இங்கேதான் குறளின் நிபந்தனை நமக்கு உதவுகின்றது. உணரவல்லாரைப் பெற்றாற்றான் கண் உரைக்கும். ஒரு நோக்கின் பொருள் விளங்காதபோது முதலில் ஐயுற வேண்டியது நம் உணர்வை. எதிரே நிற்பவர் உள்ளத்தை அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்கும்போதும், கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் உணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் கொள்ளுதல் அரிது என்றே முடித்தார். எண்வகை மெய்ப்பாட்டையும் வகுத்தவரே அவற்றை அறிதல் எளிதன்று என எச்சரித்தமை நினைவிற்கொள்ளத் தக்கது.

குறளைத் தேர்வுக்குப் பயில்வோர் அறத்துப்பாலிற் சில அதிகாரங்களையும் பொருட்பாலிற் சில அதிகாரங்களையும் தனித்தனியே மனனஞ் செய்தல் வழக்கம். கண்ணோட்டம், இரண்டு குறிப்பறிதல்கள், கண்விதுப்பழிதல் ஆகிய நான்கினையும் ஒரு தொடராக வைத்து உயர்வகுப்பு மாணவர் பயில்வாராயின், அவர் ஒரு பேரிலக்கியத்தின் கட்டமைப்பை அறிவதோடு தம்மெதிரே இருப்பவரை நோக்கும் முறையையும் அறிவர். பயிற்றும் ஆசிரியரும், நூலை மூடியபின் வகுப்பிற் குனிந்திருக்கும் தலைகளை முன்னிலும் சிறிது பொறுமையோடு நோக்குவர்.