காசு கொடுத்து வாங்கிய ‘தம்பி’

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறியதும் கூட வந்த நண்பர் சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் திருநம்பி. பெண் குழந்தை என்று பதிவாகி, ஆணாக வாழ்பவர். ஆதாரில் இன்னும் பழைய பெயர்தான். அந்த அட்டைப்படி அவருக்கு மகளிர் இலவசப் பயணம் உண்டு. கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க தம்பி இறங்கணும்?" என்றார். டிக்கெட்டை வாங்கிய நண்பர் என் பக்கம் சாய்ந்து, "காசு குடுத்து வாங்குன தம்பிண்ணே இது" என்றார்.

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தை மறுபடி எடுத்து, ஒரு இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில். அந்தக் குரல் 2019இல் இயற்றிய சட்டத்தின் 4ஆம் பிரிவில் கேட்டது: தானாக உணர்ந்த பாலின அடையாளம் ஒருவரது உரிமை என்று அதில் இருந்தது. அடுத்த பிரிவிலேயே மனுவோடு மாவட்ட ஆட்சியர் முன்னால் நிற்க வேண்டும். 6ஆம் பிரிவில் ‘திருநர்’ என்று சான்று வரும். ஆண் என்றோ பெண் என்றோ எழுதித் தரவேண்டும் என்றால் 7ஆம் பிரிவு அறுவைச் சிகிச்சையையும் மருத்துவச் சான்றையும் கேட்கிறது. 2020இல் வந்த விதிகள் ஹார்மோன் சிகிச்சையையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொஞ்சம் தளர்த்தின. ஆனாலும் டாக்டர் கையெழுத்து போகவில்லை. வரையறைப் பிரிவில் இன்னொரு வேடிக்கை. நாம் ‘திருநங்கை’ என்று சொல்லத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலான பிறகும் அதில் ‘அரவாணி’ உட்கார்ந்திருக்கிறது.

கொடுத்த கையாலேயே பிடுங்குகிற இந்த நடை எனக்குப் புதிதாகப் படவில்லை. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால் என்கிறார் பவணந்தி. உடம்பையோ உறுப்பையோ கேட்காமல் விருப்பத்தை வைத்துப் பால் சொல்லும் இலக்கணம் அது! பதின்மூன்றாம் நூற்றாண்டில் என் நண்பருக்கு ‘வந்தான்’ கிடைத்திருக்கும். மகிழ்ந்து முடிப்பதற்குள் அதே நூற்பாவின் கடைசியில், இந்த இரண்டும் அஃறிணை போலவும் ஆகும் என்று ஒரு வால். ‘வந்தது’ என்றும் சொல்லிக்கொள்ளலாமாம். தொல்காப்பியர் பரவாயில்லை. இவர்களுக்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியையே கொள்வார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

வால் இல்லாமலும் எழுத முடியும் என்பதற்குச் சான்று மதுரையிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையும் அவர் கணவரும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலகம் மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலுள்ள ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பெழுதினார். 1955இல் எழுதிய சொல் 1955லேயே உறைந்துகிடக்காது என்பது அவரது வாசிப்பு. பாலை ‘சரிசெய்யும்’ அறுவைச் சிகிச்சையை ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யத் தடை வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு அதற்கு ஆணை போட்டது. பிறந்த குழந்தையின் பாலை வெளியாள் ஒருவர் கத்தியால் முடிவுசெய்யக் கூடாது என்று ஒத்துக்கொண்ட அரசுகள், வளர்ந்த ஆள் வாயால் சொல்வதற்கு மட்டும் ஏன் சாட்சி கேட்க வேண்டும்?

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் நகரப் பேருந்தில் மகளிருக்கு இலவசம் வந்தபோது, கொஞ்ச நாளில் திருநங்கையருக்கும் அதை நீட்டினார்கள். நல்ல காரியம், மறுப்பில்லை. ஆனால் ‘நங்கை’ என்ற சொல்லுக்குள் என் நண்பர் எப்படி நுழைவார்? அன்பாக வைத்த பெயருக்கும் ஒரு வெளிப்பக்கம் உண்டு.

நண்பரிடம் நன்னூல் கதையைச் சொன்னேன். முதல் பாதி பிடித்திருந்தது. இரண்டாம் பாதியைக் கேட்டுவிட்டு, "அப்ப பவணந்தியாரும் கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாத்தவராண்ணே?" என்றார். மனு போட வேண்டும், ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை என்கிறார்.