சிங்கப்பூர்த் தமிழர் புலம்பெயர்வும் ஓட்ட வரைபடங்களும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வு பற்றிய நூல்களிலும் பாடத்துணைக் கருவிகளிலும் கண்காட்சிப் பலகைகளிலும் ஒரு படத்தை அடிக்கடி காண்கிறோம். தமிழகக் கரையில் தொடங்கி, வங்காள விரிகுடாவைக் கடந்து, மலாயாத் தீவக்குறையிலோ சிங்கப்பூரிலோ சென்று முடியும் தடித்த அம்புக்குறியே அப்படம். இதனை ஓட்ட வரைபடம் என்பர். அம்பின் திசை மக்கள் சென்ற திசையையும், அதன் பருமன் சென்றோரின் தொகையையும் குறிக்கும். முன்னர் வரைகலைஞர் பல நாள் உழைத்து வரைந்த இதனை இன்று புவியியல் தகவல் மென்பொருள் சில நிமிடங்களில் வரைந்து தருகின்றது. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஆள்தொகை என மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையை உள்ளிட்டாலே போதும்.

எளிமையாகக் கிடைக்கும் சான்று எளிதில் நம்பப்படுகின்றது. ஆகவே, இலக்கியப் பனுவல் ஒன்றை அணுகுவது போலவே இவ்வரைபடத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு, அது எதைக் கூறுகின்றது, எதைக் கூறாது விடுகின்றது என்பதனைச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்ட வரைபட மரபு

இவ்வடிவம் கணினியோடு பிறந்ததன்று. பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் ஜோசப் மினார், 1858-ஆம் ஆண்டின் உலகக் குடிபெயர்வைப் பல வண்ணப் பட்டைகளால் காட்டும் வரைபடத்தை 1862-இல் வெளியிட்டார். 1885-இல் ராவன்ஸ்டைன் புலம்பெயர்வின் விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு பெரிய ஓட்டத்திற்கும் எதிரோட்டம் ஒன்று உண்டு எனக் கூறினார். 1987-இல் அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டாப்ளர், குடிபெயர்வைக் கணினி கொண்டு வரையும் சோதனைகளைப் பற்றி எழுதினார். இன்றைய மென்பொருள்கள் அவ்வழியில் வந்தவை.

இங்கு மினாரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் தம் படத்தின் தலைப்பிலேயே அது உருவகமானது, தோராயமானது எனக் குறித்துவிட்டார். இன்றைய மென்பொருள் வரையும் படத்தில் அத்தகைய அடைமொழி எதுவும் தானாக இடம்பெறுவதில்லை. துல்லியமான எண்ணும் துணிந்து மதிப்பிட்ட எண்ணும் ஒரே தெளிவுடைய கோடாகவே திரையில் தோன்றுகின்றன.

தொடக்கப் புள்ளி எது?

ஓட்ட வரைபடம் ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகக் கருதும். காலனித்துவக் காலப் பதிவுகளில் அப்புள்ளி பெரும்பாலும் மதராஸ் மாகாணமாகவோ, கப்பலேறிய துறைமுகமாகவோ இருக்கின்றது. மலாயாவுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்த முகாம்கள் வழியாகச் சென்றனர். முகாம் அவர்களுடைய ஊரன்று. எனினும், அட்டவணையில் துறைமுகம் நுழைந்த பின் ஊர் மறைந்துவிடுகின்றது.

மக்கள் நினைவிலோ ஊர் மறையவில்லை. தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா, தான் எக்கரையை நினைந்து எழுப்பப்பட்டது என்பதைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் ஊர்வழி உறவைப் பற்றிக்கொண்டு தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். இங்கு ஓட்டம் நாட்டிலிருந்து நாட்டிற்கன்று. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவிற்கு நிகழ்ந்தது எனலாம். 1887-இல் யாழ்ப்பாணம் சதாசிவ பண்டிதர் பாடி வெளியிட்டவற்றுள் ‘வண்ணை அந்தாதி’யும் உண்டு, ‘சிங்கைநகர் அந்தாதி’யும் உண்டு. புறப்பட்ட ஊரும் புகுந்த ஊரும் ஒரே புலவர் வாக்கில் இணைந்து நிற்கின்றன. இந்தியாவிலிருந்து மட்டும் புறப்படும் ஒற்றை அம்பில் இந்த ஈழத்துக் கிளைக்கு இடமில்லை.

வழி மறைந்த கோடு

நாகப்பட்டினத்தையும் சிங்கப்பூரையும் இரு புள்ளிகளாகக் கொடுத்தால், மென்பொருள் வரையும் நேர்கோடு வட சுமத்திராவின் நிலப்பரப்பின் மீது ஏறிச் செல்லும். கப்பல் அவ்வழி செல்ல இயலாது. 1926-இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய ரஜூலா கப்பலும், அதன்பின் 1985-இல் தீவிபத்துக்குள்ளாகும் வரை ஓடிய சிதம்பரம் கப்பலும் பினாங்கைத் தொட்டுச் சென்றவை. பினாங்கு வெறும் இடைநிறுத்தமன்று. 1819-இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது அவருடன் வந்தவரும், 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமானவருமான நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து வந்தவரே ஆவார். 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட முதல் இந்தியக் கைதிகளும் சுமத்திராவின் பென்கூலனிலிருந்தே மாற்றப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையே அதன் காரணம். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் முதல் இரு நிகழ்வுகளையும் தமிழகத்திலிருந்து வரும் நேரடி அம்பு விளக்கவில்லை என்பது இதனால் தெளிவாகின்றது.

மேற்கூறிய நேர்கோடு கடந்து செல்லும் நிலத்திற்கு அருகில்தான் மெடான் நகரம் உள்ளது. அந்நகரில் பணியாற்றிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் மனிதர்கள் மெடானுக்கும் பினாங்குக்கும் பிற துறைகளுக்கும் இடையே அலைகின்றனர். அவர்களுள் ஒருவரைக்கூடப் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் என்னும் இரு பத்திகளுள் அடக்க முடியாது. மென்பொருள் விட்டுவிட்ட இடைவெளியை நாவல் நிரப்பும் விதம் நோக்கத்தக்கது.

திரும்பியோரும் மாண்டோரும்

கெர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட ‘மலாயாவில் இந்தியர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், 1786 முதல் 1957 வரையிலான காலத்தை ஆராய்கின்றது. அக்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவுக்கு வந்தனர் என்றும், அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பிவிட்டனர் என்றும் அதன்வழி அறிகிறோம். அவ்வாறாயின், வந்தோரை மட்டும் காட்டும் அம்பு வரலாற்றின் பாதியையே காட்டுகின்றது. வருகையிலிருந்து திரும்புதலைக் கழித்து நிகரத் தொகையை வரைந்தாலோ, பல லட்சம் பேரின் இரு பயணங்களும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1930 முதல் 1932 வரை உலகப் பொருளாதார மந்தத்தால் பெருந்தொகையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டுகளை மட்டும் தனியே வரைந்தால் அம்பின் முனை எதிர்த்திசையில் திரும்பும். ஒரு நூற்றாண்டைக் கூட்டி வரைந்தால் அத்துயரம் தடமின்றிக் கரைந்துவிடும்.

மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, மீண்டும் கடல் கடந்த செட்டியார் முகவரின் வாழ்வு ஒரு வட்டம். அது கோடாகாது. சயாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாத தமிழருக்கோ முடிவுப் புள்ளியே இல்லை. புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டும் இணைக்கும் ஓட்ட வரைபடத்தில் மரணத்திற்குக் குறியீடு கிடையாது.

கணக்கில் வராதோர்

இச்சிக்கல் பழைய வரலாற்றோடு நின்றுவிடவில்லை. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 56.9 லட்சம். அவர்களுள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 40.4 லட்சம் பேர். அவ்வாசிகளிடையேதான் இந்தியர் 9 விழுக்காடு எனக் கணக்கிடப்படுகின்றது. எஞ்சிய 16.4 லட்சம் பேர் இனவாரியான அந்த அட்டவணையில் இடம்பெறுவதில்லை. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை அனுமதியின்பேரில் உழைக்கும் தமிழகத் தொழிலாளர்கள் அவர்களுள் அடங்குவர்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையிலும் பஃப்பளோ சாலையிலும் நடப்பவர் இம்முரணை நேரில் காணலாம். தங்குவிடுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து, பொருள் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, இரவில் திரும்பும் இவ்வாராந்தர ஓட்டம் இத்தீவின் மிகப் புலப்படும் தமிழ் ஓட்டங்களுள் ஒன்று. அதே வேளையில், 1989-இல் வீடமைப்புப் பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்த நிலையில், உள்ளூர்த் தமிழர் தீவெங்கும் பரவி வாழ்கின்றனர். அவர்களுக்கும் லிட்டில் இந்தியா சென்று திரும்பும் இடமே. வசிப்பிடத்தை மட்டும் கொண்டு வரைந்த படம் இவ்விரு சாராரும் சந்திக்கும் தெருவைக் காட்டாது. 2013 டிசம்பர் 8-இல் அங்கு நிகழ்ந்த கலவரமும், 2020-இல் தங்குவிடுதிகளில் பரவிய கொவிட் தொற்றும் நேர்ந்த பின்னரே இம்மக்களின் இருப்பைப் பலர் உணர்ந்தனர். அட்டவணையில் இல்லாதவரைச் சமூகமும் எளிதில் மறந்துவிடுகின்றது என்பதே இதன் பாடம்.

ஒரு மறுப்பும் விடையும்

வரைபடம் என்பது சுருக்கமே, அதனிடம் அனைத்தையும் எதிர்பார்த்தல் முறையன்று எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் சிங்கப்பூரின் 55 திட்டமிடல் வட்டாரங்களையும் இணைத்தால் ஒரு திசைக்கே 2,090 கோடுகள் எழும். அது படமாகாது, சிக்கலான நூற்கண்டாகும். ஆகவே சிறிய ஓட்டங்களை நீக்குகின்றனர். ஆனால், எந்த எண்ணுக்குக் கீழே நீக்குவது என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்வதில்லை. வரைபவரே முடிவு செய்கின்றார். சிறுபான்மைக்குள் சிறுபான்மையினர் அந்த எல்லைக் கோட்டில்தான் மறைகின்றனர். சுருக்குவது குற்றமன்று. சுருக்கியதைச் சொல்லாமல் விடுவதே குறை.

வகுப்பறையில் ஓட்ட வரைபடம்

இவ்வடிவத்தைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மாறாக, ஆயத்தமான படத்தைக் காட்டுவதினும் அட்டவணையை மாணவரே உருவாக்கச் செய்தல் நன்று. தாத்தா, பாட்டியரிடம் கேட்டு ஊர், புறப்பட்ட ஆண்டு, இடையில் தங்கிய இடம், வந்து சேர்ந்த தெரு, திரும்பிச் சென்றதுண்டா, இவற்றைச் சொன்னவர் யார் என ஆறு பத்திகளை நிரப்பச் செய்யலாம். இடையில் தங்கிய இடம் உண்டெனில் ஒரு பயணத்தை இரண்டு வரிசைகளாகப் பிரித்தால் பினாங்கு தன் இடத்தைப் பெறும். விடை கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடாமல் ‘தெரியவில்லை’ என எழுதி, அக்கோட்டைப் புள்ளிக்கோடாக வரையலாம். திரும்புதலுக்கு வேறு வண்ணம் தரலாம். இப்பயிற்சியில் மாணவர் பேச்சுத்தமிழில் கேட்டு எழுத்துத்தமிழில் பதிகின்றனர். ஊர்ப்பெயர், உறவுப்பெயர், கப்பல் தொடர்பான சொற்கள் ஆகியவை அவர்களுக்கு உயிருள்ள சொற்களாகின்றன.

முடிவுரை

ஓட்ட வரைபடம் எண்ணிக்கையைக் காட்டுவதில் வல்லது. ஊரையும் வழியையும் திரும்புதலையும் இழப்பையும் காட்டுவதில் மெலிந்தது. அதன் குறை மென்பொருளில் இல்லை. நாம் அதற்கு அளிக்கும் அட்டவணையில் உள்ளது. சிங்கப்பூரில் வந்து முடியும் ஒற்றை அம்பு, தமிழர் வருகை என்றோ நிகழ்ந்து முடிந்துவிட்டது என மாணவரை நம்ப வைக்கின்றது. சிராங்கூன் சாலையின் ஞாயிறு மாலை அது முடியவில்லை எனக் கூறுகின்றது. அம்மாலையில் அங்கு நிற்பவருக்கும் நம் படத்தில் ஒரு கோடு வேண்டும் என்பதே தமிழாசிரியரும் ஆய்வாளரும் கருத்திற்கொள்ள வேண்டியதாகும்.