‘போல’ என்னும் எல்லை: தோள்சீலைப் போராட்டமும் திருவிதாங்கூர் அரசாணைகளின் மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் பெரும்பாலும் ‘மானம் காக்கும் போராட்டம்’ என்றே பேசப்படுகிறது. 1814, 1829, 1859 ஆகிய ஆண்டுகளின் அரசாணைகளை அவற்றின் சொல்முறை கொண்டு வாசித்தால் இவ்விளக்கம் போதாமை உடையது என்பது புலப்படும். அரசு காக்க முயன்றது வேற்றுமையின் அடையாளத்தையே என்பதும், பெண்கள் எதிர்த்தது அவ்வடையாளத்தையே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தோள்சீலை, குப்பாயம், திருவிதாங்கூர், அரசாணை, ஊழியம், அய்யா வைகுண்டர்.

முன்னுரை

குலசேகரத்திலிருந்து தக்கலைக்குச் செல்லும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் பத்மநாபபுரம் அரண்மனையை அடைந்துவிடலாம். மரவேலைப்பாடும் பளபளக்கும் கருந்தரையும் காண நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். ஒரு பெண் தன் உடலின் மேற்பகுதியில் தைத்த சட்டை அணியலாமா என்ற கேள்வி 1823இல் வழக்காக வந்ததும் இதே பத்மநாபபுரத்தின் நீதிமன்றத்திற்குத்தான். குலசேகரமும் பத்மநாபபுரமும் பழைய கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தவை. இரணியல், கல்குளம் பகுதிகளின் சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. தேவாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. இப்பகுதியில் பிறந்து வளர்ந்த இக்கட்டுரையாளருக்கு இவ்வரலாறு முதலில் மேடைப்பேச்சாகவே அறிமுகமாயிற்று. அம்மேடைப்பேச்சின் மையச்சொல்லான ‘மானம்’ ஆவணங்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற ஐயமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

பெயர்கள் சொல்வது

ஒரே நிகழ்வு மூன்று மொழிகளில் மூன்று வகையாகப் பெயர் பெற்றுள்ளது. மலையாளத்தில் அது முன்பு ‘சாந்நார் லகள’ எனவும் பின்னர் ‘மாறு மறய்க்கல் சமரம்’ எனவும் வழங்கலாயிற்று. முன்னதில் குற்றவாளி ஒரு சாதி. பின்னதில் பொருள் மார்பு. ராபர்ட் ஹார்டுகிரேவ் முதலிய ஆங்கில ஆய்வாளர்களும் மார்புத்துணி என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டனர். தமிழ்ப்பெயர் மட்டும் தோளைச் சுட்டுகிறது.

இது தற்செயல் அன்று. தோள் என்பது தமிழ்நிலத்து வழக்கில் மதிப்பின் இருப்பிடம். மேலோர் எனப்பட்டவர் எதிர்ப்படும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அண்மைக்காலம் வரை ஊர்தோறும் இருந்தது. துண்டு மறைப்பதற்கு உரிய துணி அன்று. ஆயினும் அது தோளில் இருப்பதும் இல்லாமையும் ஒருவரின் நிலையை அறிவித்தன. தோள்சீலையும் அவ்வகைப்பட்டதே. மார்பைக் குப்பாயமும் மறைக்கும். குப்பாயத்தின்மேல் குறுக்காகத் தோளில் போடப்படும் சீலை ‘நான் உனக்குக் கீழ்ப்பட்டவள் அல்லள்’ என்று சொல்லும். இவ்வேறுபாட்டைத் தமிழ்ப்பெயர் காத்துவைத்திருக்க, தமிழில் எழுதும் நாமே அதைக் கைவிட்டு ‘மார்பை மறைக்கும் உரிமை’ என்ற தொடருக்கு மாறிவிட்டோம்.

ஆணைகளின் சொல்முறை

இவ்வாணைகள் இன்று பெரும்பாலும் மிஷனரிகளின் ஆங்கில நூல்கள் வழியாகவும் அவற்றைத் தழுவிய தமிழாக்கங்கள் வழியாகவுமே வாசிக்கப்படுகின்றன. ஆகவே தனிச்சொற்களின் மேல் பெருஞ்சுமை ஏற்றுதல் முறையாகாது. ஆனால் எல்லா வடிவங்களிலும் மாறாமல் நிற்கும் ஒரு கூறு உண்டு. அது ஒப்பீடு.

ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1812இல், மதம் மாறிய பெண்கள் பிற நாட்டுக் கிறித்தவப் பெண்களைப் போல உடலை மறைத்துக்கொள்ளலாம் என ஆணையிட்டார். உயர்சாதியினரின் எதிர்ப்புக்குப் பின்னர் 1814இல் அது திருத்தப்பட்டது. சிரியன் கிறித்தவ, மாப்பிளைப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். நாயர் பெண்களைப் போல மேற்சீலை இடலாகாது. இரண்டாவது ஆணை முதலாவதை ரத்து செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. உவமானத்தை மட்டுமே அது மாற்றிற்று.

1859 சூலை 26ஆம் நாள் ஆணைக்கு வருவோம். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், மாதவராவ் திவானாக இருந்தபோது வெளியான இவ்வாணையே ‘உரிமை வழங்கிய ஆணை’ எனப் போற்றப்படுகிறது. இதன்படி இந்துவாயினும் கிறித்தவராயினும் நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம்; முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்; வேறு எவ்வாறும் மார்பை மறைக்கலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது.

தமிழ் இலக்கணத்தில் ‘போல’ உவம உருபு. இரு பொருள்களை அருகில் கொணர்வது அதன் தொழில். திருவிதாங்கூர் ஆணைகளிலோ அது பிரிக்கும் கருவியாயிற்று. யாரைப் போல இருக்கலாம் என்ற பட்டியல் காலந்தோறும் நீண்டது: பிறநாட்டுக் கிறித்தவர், சிரியன் கிறித்தவர், மாப்பிளையர், முக்குவர். யாரைப் போல இருக்கக் கூடாது என்பது ஒருபோதும் மாறவில்லை. 1814ஐயும் 1859ஐயும் அருகருகே வைத்தால், மறைத்தல் பற்றிய சலுகை விரிந்திருப்பதும் விலக்கு அப்படியே நிற்பதும் தெரியும். தடையிலிருந்து உரிமைக்கு ஏறும் படிக்கட்டாக இவற்றைக் காட்டும் வரலாற்றெழுத்து இம்மாறாமையைக் காணத் தவறுகிறது.

மானம் என்ற விளக்கத்தின் போதாமை

மார்பை மறைத்தலே கோரிக்கை எனில் அது 1814இலேயே நிறைவேறியிருக்கும். 1822இல் கல்குளம் பகுதியில் தொல்லைகள் எழுந்து, மிஷனரி சார்லஸ் மீட் முறையிட்டு, 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் குப்பாயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோதாவது முடிந்திருக்கும். முடியவில்லை. காரணம் எளிது: பெண்கள் குப்பாயத்தோடு நில்லாமல் அதன்மேல் தோள்சீலையும் இடத் தொடங்கினர். நீதிமன்றம் தந்ததை ஏற்றுக்கொண்டு, தராததையும் சேர்த்து உடுத்தினர். 1827 முதல் 1830 வரை நீண்ட இரண்டாம் கட்டக் கலவரங்கள் இந்த மிகைத்துணியின் பொருட்டே நிகழ்ந்தன.

நாயர் பெண்களும் நம்பூதிரிகள், அரச குடும்பத்தினர் முன்னிலையில் மேற்சீலையை அகற்றும் வழக்கம் இருந்தது. ஆகவே மேலுடலைத் திறத்தல் அன்றைய ஒழுங்கில் நாணமின்மை அன்று, படிநிலை வணக்கம். இச்செய்தியைக் கொண்டு ‘எல்லோருக்கும்தான் இருந்தது, இதில் ஒடுக்குமுறை எங்கே’ என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பிழையானது. ஒருவர் முன்னிலையில் சில பொழுது அகற்றுதலும், எல்லோர் முன்னிலையிலும் எப்பொழுதும் இல்லாதிருத்தலும் ஒன்றல்ல. நம்பூதிரியிடமிருந்து முப்பத்தாறு அடியும் நாயரிடமிருந்து பன்னிரண்டு அடியும் விலகி நிற்க வேண்டும், குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னணி கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் எடுக்கலாகாது என்ற நீண்ட விலக்குகளில் ஒன்றாகவே சீலை விலக்கும் இருந்தது. குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் மானத்திற்கும் என்ன தொடர்பு? இப்பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மானப்பிரச்சினையாக்கும்போது மற்றவை மறைந்துபோகின்றன.

மிஷனரிகளின் எழுத்தில் நாணம் பெருமதிப்புப் பெற்றதை மறுப்பதற்கில்லை. குப்பாயத்தை வடிவமைத்துத் தைக்கக் கற்பித்தவர்கள் அவர்களின் மனைவியர். மதம் மாறிய பெண்கள் பலருக்கு அந்த நாணம் உண்மையான அனுபவமாகவும் இருந்திருக்கும். ஆயின் மிஷனரிகள் தந்த குப்பாயத்தோடு அப்பெண்கள் அமையவில்லை என்பதே நம் கவனத்திற்குரியது. தமக்காகப் பேசியவர்களின் விளக்கத்தையும் அவர்கள் தாண்டிச் சென்றனர்.

சேர்த்தலை நங்கேலியின் கதையும் இங்கே குறிப்பிடத்தக்கது. வாய்மொழி மரபில் வாழும் அக்கதைக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் இன்றைய தமிழ்ப் பேச்சுகளில் அது தென் திருவிதாங்கூர்ப் போராட்டத்தின் தொடக்கக் காட்சியாகவே ஒட்டப்பட்டுவிடுகிறது. ஒரு பெண்ணின் உயிர்த்தியாகம் என்ற உச்சக்காட்சி, கிழிக்கப்பட்ட சட்டைக்குப் பதில் இன்னொன்றைத் தைத்து உடுத்திக்கொண்டு மறுபடியும் சந்தைக்குப் போன பெயரறியாப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

ஊழியமும் சீலையும் ஒரே தாளில்

1829 பெப்ரவரி 3ஆம் நாள் ஆணை கௌரி பார்வதி பாயின் ஆட்சிப் பொறுப்பின் இறுதி மாதங்களில் வெளியானது. மேற்சீலைத் தடையை உறுதிசெய்த அதே ஆணை, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக நாடார்கள் ஊழியம் செய்தாக வேண்டும் என்றது; முறையீடுகளை மிஷனரிகளிடம் அன்றி அரசின் நீதிமன்றங்களிடமே கொண்டுசெல்ல வேண்டும் என்றது; முன்னனுமதியின்றித் தேவாலயம் கட்டலாகாது என்றது. நான்கும் ஒரே தாளில் இருக்கின்றன. கூலியற்ற உழைப்பைப் பெறுவதற்கு, அவ்வுழைப்பைத் தரவேண்டியவர் யார் என்பது தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். சீலையின் அரசியற்பொருளியல் இதுதான். இதைச் சமயப்பூசலாக மட்டும் எழுதியவர்களும் உடைப்பூசலாக மட்டும் எழுதியவர்களும் தாளின் பாதியை மடித்துவைத்து வாசித்தவர்கள் எனலாம்.

நிறவேற்றுமைச் சட்டங்களோடு சாதி விலக்குகளை ஒப்பிடுவோர், நிறம் உடலில் தெரியும், சாதி தெரியாது என்ற வேறுபாட்டை முன்வைப்பதுண்டு. அவ்வேறுபாடே இங்கே விளக்கமாகிறது. தோல் காட்டிக்கொடுக்காத இடத்தில் துணி காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பெயின் ஆட்சியிலிருந்த லூசியானாவில் 1786இல் ஆளுநர் எஸ்தபன் மிரோ, அடிமை நிலையில் இல்லாத ஆப்பிரிக்க மரபுப் பெண்களும் தலையைத் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டார். கலப்பு மரபின் காரணமாக நிறம் கொண்டு பிரித்தறிய இயலாத நிலை அங்கும் தோன்றியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் அத்தலைத்துணியை வண்ணமும் அணியும் சேர்த்து அழகுப்பொருளாக்கிக் கொண்டனர்.

நம் பகுதியில் தலைத்துணியின் கதை எதிர்த்திசையில் செல்கிறது. முட்டிக்குக் கீழே வேட்டியும் தலையில் பாகையும் மறுக்கப்பட்ட ஆண்களை, பாகை கட்டிக்கொண்டு இறைவழிபாட்டிற்கு வரச்செய்தார் அய்யா வைகுண்டர். சுவாதித் திருநாள் ஆட்சியில் அவர் சிறையிடப்பட்டதும், 1841இல் தோன்றிய அகிலத்திரட்டு அம்மானை திருவிதாங்கூர் மன்னனை நீசன் என்றே சுட்டுவதும் அறிந்த செய்திகள். தலைப்பாகையோடு வழிபடும் மரபு நிழல்தாங்கல்களில் இன்றும் தொடர்கிறது. சலுகை கேட்டு மனு எழுதும் வழியை விட்டு, அடையாளத்தைத் தானே அணிந்துகொண்ட வகையில் தோள்சீலையும் தலைப்பாகையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள். இவற்றை மிஷனரி வரலாறு எனவும் அய்யாவழி வரலாறு எனவும் தனித்தனியாகப் பிரித்து ஆராயும் போக்கு நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இன்னும் நீங்கவில்லை.

அரசின் நடுநிலை

1858 அக்டோபர் முதல் 1859 தொடக்கம் வரையிலான மூன்றாம் கட்டத்தில் அரசின் குரல் மாறியது. 1858 டிசம்பர் இறுதியில் மாதவராவ் வெளியிட்ட அறிவிப்பு, பழைய வழக்கத்தை மீறியவர்களையும் அவர்களைத் தாமே தண்டிக்க முனைந்தவர்களையும் ஒருசேரக் கண்டித்தது. உடுத்தியவளும் கிழித்தவனும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். 1829இன் வெளிப்படையான தடையைவிட இந்த நடுநிலைத் தொனி நவீனமானது; ஆகவே இனங்காண்பதும் கடினம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் ரெசிடென்ட் கல்லனுக்குக் கடுமையாக எழுதி நெருக்கிய பின்னரே சூலை ஆணை வந்தது. அதிலும் ‘போல’ எஞ்சியது. அந்த எச்சத்தை நடைமுறையில் அழித்தவர்கள், ஆணையை ஏற்றுக்கொண்டு அதன் விலக்கை மட்டும் பொருட்படுத்தாமல் உடுத்திய பெண்களே.

பாடநூலும் விழாவும்

2023 மார்ச் 6ஆம் நாள் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா, தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் பங்கேற்க நடைபெற்றது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அரசு வேறொரு வகையில் இப்போராட்டத்தை எதிர்கொண்டிருந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய இயலில், இப்போராட்டம் ஒரு பகுதியாக இடம்பெற்றிருந்தது. நாடார்களை வெளியிலிருந்து குடியேறியவர்களாகக் காட்டிய கூற்றுக்கு அச்சமூகத்தினரிடமிருந்தும் தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானது, கூற்று திருத்தப்பட்டிருக்க வேண்டும். நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதி முழுவதையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கி, 2017 தேர்வில் அதிலிருந்து வினா கேட்கலாகாது எனச் சுற்றறிக்கை அனுப்பியது. பிழையான ஒரு கூற்றோடு போராட்டமும் சேர்ந்தே வெளியேறியது.

புண்படுத்தும் சொல்லை நீக்குக என்ற கோரிக்கைக்கு அரசு தந்த விடை, புண்ணைப் பற்றியே பேசாதிருத்தல். ‘சாணார்’ என்ற சொல்லைக் கேட்டு இன்று சினம் கொள்ளும் இளைஞர் ஒருவர், அச்சொல் ஆணைகளில் எவ்வாறு ஆளப்பட்டது என்பதை வகுப்பறையில் அறியும் வாய்ப்பை இழந்தார். 2019இல் உடையின் சமூக வரலாறு என்ற அந்த இயல் முழுவதுமே நூலிலிருந்து எடுக்கப்பட்டது.