மொபெட் என்னும் சரக்கு வண்டி

அவிநாசி, திருமுருகன்பூண்டி, பெருமாநல்லூர், திருப்பூர் ஆகிய ஊர்களுக்கு இடையே பனியன் துணியைச் சுமந்து திரியும் வண்டிகளில் மிகச் சிறியது மொபெட். ஆள் ஏறிப் போவதற்காக வடிவமைத்த வண்டி இது. பின்சீட்டைக் கழற்றி, அந்த இடத்தில் இரும்புச் சட்டம் பொருத்தி, துணி ரோலும் கட்டிங் மூட்டையும் ஏற்றும் வண்டியாக இதைத் தொழில் மாற்றிக்கொண்டது. 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது, இருவர் அமரக்கூடிய மொபெட் என்பதே அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. அந்த இரண்டாவது ஆளின் இடம்தான் பிறகு சரக்குக்குப் போனது. 2015-ல் 99.7 சிசி எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 வந்தது. பேச்சில் அதுவும் 'டி.வி.எஸ். பிப்டி'தான்.

இந்த மாற்றத்தின் வேர் வண்டியில் இல்லை, தொழில் நடக்கும் முறையில் இருக்கிறது. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் போகிறது. கட்டிங் முடிந்த பீஸ்கள் தையலுக்காகப் பவர் டேபிளுக்கும், தைத்தவை செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேறு வேறு கட்டடங்களுக்கும் போகின்றன. பல வேலைகள் ஜாப் ஒர்க் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு சாலைப் பயணம் இருக்கிறது. பெரும்பாலும் சில கிலோமீட்டர். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே என்றால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

பெரிய லாட் போவதற்கு வண்டிப் பஞ்சம் இல்லை. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது குட்டியானை, 750 கிலோ ஏற்றும். சிக்கல் சில்லறைச் சரக்கில்தான். காலருக்கு ரிப் துணி ஒரு ரோல் குறைகிறது. ஒரு சைஸில் மட்டும் பீஸ் பற்றவில்லை. லேபிளோ எலாஸ்டிக்கோ தீர்ந்துவிட்டது. அந்தச் சிறு சரக்கு வந்து சேரும்வரை தையல் லைன் முழுவதும் சும்மா நிற்கும். கிலோவுக்கு என்ன வாடகை என்று கணக்குப் போட்டால், நிரம்பிய குட்டியானையிடம் மொபெட் தோற்றுப்போகும். நின்றுபோன லைனின் கூலியைக் கணக்கில் சேர்த்தால் மொபெட் ஜெயிக்கும். இதைச் சிக்கனத்தின் கதையாக மட்டும் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மொபெட் விற்பது நேரத்தை.

வண்டியின் அமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஸ்கூட்டரைவிடப் பெரிய 16 அங்குலச் சக்கரங்கள் பள்ளம் மேட்டைத் தாங்கும். கியர் கிடையாது, தானாகப் பிடிக்கும் கிளட்ச், ஒற்றைச் செயின், அவ்வளவுதான். பழுதானால் தெருமுனை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கான உரிமம் இருந்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேங்க் அடைத்துக்கொள்ளும் அந்த இடத்தில் ஒரு மூட்டையை வைக்கலாம். எடை தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் நடுவில் விழும். பொறியியல் கண்ணோடு பார்த்தால், இந்த வண்டியில் சரக்கு வைக்கச் சரியான இடம் அதுதான்.

ஆனால் பெரும்பாரம் பின்னால்தான் ஏறுகிறது. எக்ஸ்.எல். 100-க்கு நிறுவனம் சொல்லும் சுமை 130 கிலோ. ஓட்டுபவரின் எடையும் இதற்குள் அடக்கம். அவர் 65 கிலோ என்றால் சரக்குக்கு மீதி 65 கிலோ. 20 கிலோவுக்கு மேற்பட்ட ரோலில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. நான்கைந்து ரோல் ஏற்றுவதெல்லாம் இந்த வரம்பைத் தாண்டிய வேலை. லேத் பட்டறையில் சட்டத்தை நீட்டி, ஷாக் அப்சார்பருக்குக் கனத்த ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழாமல் நிற்கும் என்பது உண்மை. அதனால் பிரேக்கின் பலம் கூடிவிடாது. இங்குதான் மாற்றத்தின் மிகப் பெரிய ஏமாற்று இருக்கிறது: தாழ்ந்து நின்று எச்சரிக்க வேண்டிய வண்டி, நிமிர்ந்து நின்று தைரியம் கொடுக்கிறது.

இரு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம் எக்ஸ்.எல். 100-ல் 1,228 மில்லிமீட்டர். பாரத்தின் மையம் பின்சக்கர அச்சுக்கு 200 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி விழுந்தால், 100 கிலோ சரக்கு முன்சக்கரத்தின் மேல் உள்ள எடையில் 16 கிலோவைத் தூக்கிவிடும். 90 கிலோவுக்குள் எடையுள்ள வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஹேண்டில்பார் லேசாகி ஆடும். பாலம் ஏறும்போது இன்னும் லேசாகும். 125 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமான கூட்டு பிரேக் முறை, ஒரு லிவரைப் பிடித்தால் இரு சக்கரமும் பிடிக்கும்படி செய்கிறது. ஆனால் எடை குறைந்துபோன முன்சக்கரத்துக்குத் தரையில் பிடிமானமே குறைவு. அங்கே எந்த பிரேக்கும் முழுப் பலன் தராது.

அகலம் தனிப் பிரச்சினை. விரித்த அகலத்தில் சுற்றிய ஓபன் வித் துணி ரோல் பெரும்பாலும் 5 அடி நீளத்தைத் தாண்டும். குறுக்காகக் கட்டினால் இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அவிநாசி–திருப்பூர் சாலையில் பக்கவாட்டில் அடிக்கிறது. உயரமாகக் கட்டிய மூட்டை அப்போது ஒரு பாய்மரம். தேசிய நெடுஞ்சாலை 544-ல் ஏற வேண்டி வந்தால் கூடவே ஓடுவது கன்டெய்னர் லாரிகள். 2020 பிப்ரவரி 20 அன்று அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்த சாலை அது. பேருந்துக்கே அந்த கதி என்றால் மொபெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரக்குக்கும் பாதுகாப்பு குறைவு. மழையில் நனைந்த துணி, செயின் ஆயில் பட்ட வெள்ளை ரோல், சாலைத் தூசி படிந்த பீஸ் எல்லாம் செக்கிங்கில் கழிக்கப்படும். இந்த இழப்பு வாடகைக் கணக்கில் ஏறுவதில்லை என்பதால் மொபெட் மலிவாகத் தெரிகிறது. ஓட்டுபவரின் முதுகுவலியும் அப்படித்தான். ரோலுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடங்களில், நடையைக் குறைத்துப் பாரத்தைக் கூட்ட யாரும் அவரை வற்புறுத்த வேண்டியதில்லை. கூலிமுறையே அதைச் செய்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி, சரக்குக்காகக் கட்டப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வாகனமாகிவிடும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. ஆக, பெர்மிட் இங்கே தடையே அல்ல. தடையாக இருப்பது 52-வது பிரிவு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்த மூல அமைப்புக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. காப்பீட்டிலும் சிக்கல் உண்டு. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்துவிட்டு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு.

இருசக்கர வண்டியில் சரக்குப் பெட்டி பொருத்த 2020 ஜூலையில் விதிகள் திருத்தப்பட்டன. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோக இது போதும். லேபிளும் எலாஸ்டிக்கும்கூட அடங்கும். துணி ரோல் அடங்காது. இந்த வட்டாரத்தின் உண்மையான தேவைக்கும் அனுமதிக்கப்பட்ட பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் லேத் பட்டறையில் இரும்புச் சட்டம் பொருத்திய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருசக்கர வண்டிகள் நிறைந்த வியட்நாம் இதை வேறு விதமாகக் கையாண்டது. கேரியரின் இருபுறமும் 30 சென்டிமீட்டர், பின்னால் 50 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரத்துக்கும் ஒரு வரம்பு என்று சுமைக்கே எல்லை வகுத்தது அந்நாட்டு விதி. போலீஸ்காரர் ஒரு டேப்பை வைத்துச் சரிபார்க்கக்கூடிய விதி இது. ஐந்தடி ரோலைக் குறுக்கே கட்ட அங்கும் பெரும்பாலும் இடம் கிடைக்காது. ஆனாலும் எது தப்பு என்பது ஓட்டுபவருக்குக் கிளம்பும் முன்பே தெரியும்.

மற்ற மாற்று வண்டிகளோடு ஒப்பிட்டால் மொபெட்டின் நிலை அவ்வளவு மோசம் இல்லை. மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய எஞ்சினைப் பொருத்திய சென்னையின் மீன்பாடி வண்டிக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. பின்சீட்டைக் கழற்றிய மாருதி ஆம்னி துணியை நனையாமல் கொண்டுசேர்க்கும். அதுவும் சொந்தக் காராகப் பதிவான வண்டிதான், அதன் உற்பத்தியும் 2019-ல் நின்றுவிட்டது. முறையான மாற்றாக வளர்ந்து வருவது மின்சார மூன்று சக்கர வண்டி. 2020-ல் வந்த மஹிந்திரா ட்ரியோ ஸோர் 550 கிலோ ஏற்றும். நான்கைந்து ரோல் போகும் நடைகளை இந்த வகை வண்டிகள் எடுத்துக்கொள்வதே நியாயம். அந்தச் சுமையில் மொபெட்டுக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவசரமாகத் தேவைப்படும் ஒரே ஒரு ரிப் ரோலுக்கு 550 கிலோ வண்டியை எடுப்பது வீண். நெடுக்காகவோ கால் பக்கத்திலோ கட்டி, 65 கிலோவுக்குள், ஊர்ச் சாலையில் மட்டும் போகும் அந்த நடைக்கு மொபெட்டே பொருத்தமான வண்டி. அதற்கு லேத் பட்டறைச் சட்டம் தேவையில்லை. பின்சீட்டைக் கழற்றிக்கொள்ளும் வசதியோடு நிறுவனமே விற்கும் ஹெவி டியூட்டி மாடல் போதும்.